டிஸ்க் மாட்டுவது சுலபம், ஆயில்தான் சிக்கல்: 1969 செவ்ரோலெட் சி10 பிக்கப்பின் முன் பிரேக் மாற்றம்

வண்டி 1969 மாடல் செவ்ரோலெட் சி10. பின்சக்கர இயக்கம், 115 அங்குல வீல்பேஸ் (முன்பின் சக்கர இடைவெளி) உள்ள குட்டைத் தொட்டி (பின்னால் உள்ள சரக்குப் பகுதி), 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசுவது), பூஸ்டர் (வேக்குவத்தால் கால் பலத்தைக் கூட்டும் கருவி) கிடையாது. இந்த உடலமைப்பில் 1967 முதல் 1972 வரை வண்டிகள் வந்தன. 1967-இல் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) இரட்டை அறையானது. 1971-இல் முன்பக்கம் டிஸ்க் (ரோட்டர் என்ற சுழலும் தட்டைக் காலிப்பர் என்ற கவ்வி இருபுறமும் பேடால் நெருக்குவது) வழக்கமான பொருத்தமானது. ஆகவே 1969 வண்டிக்கு வேண்டிய சாமான் எல்லாம் அதன் தம்பி வண்டியிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாற்றத்தை எத்தனையோ பேர் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடுவதற்குக் காரணம் அதுதான். செய்து முடித்தபின் பாதிப் பேர் "டிஸ்க் போட்டும் பிரேக் சரியில்லையே" என்று புலம்புவதற்கும் அதுதான் காரணம். சக்கரத்தில் மாட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் ஆயில் போகிற வழி தெரிவதில்லை.

டிரம்மில் என்ன குறை

இந்த வண்டிகள் மூன்று புகாரோடு வரும். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது, அடுத்த மிதியில் வெடுக்கென்று பிடிக்கும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நீண்ட மலை இறக்கத்தில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும், எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது.

மூன்றுக்கும் வேர் டிரம்மின் அமைப்பே. இந்த டிரம்மில் முன் ஷூ டிரம்மைத் தொட்டதும் சுழற்சியே அதை இழுத்துப் பின் ஷூவின் மேல் தள்ளுகிறது. ஓட்டுநரின் கால் கொடுக்கும் பலத்தை டிரம்மே பெருக்கிக்கொள்கிறது. பூஸ்டர் இல்லாமல் இத்தனை கனமான வண்டியை நிறுத்த முடிந்தது இதனால்தான். ஆனால் உராய்வு சிறிது குறைந்தால் பெருக்கமும் சேர்ந்து குறையும். பத்தில் ஒரு பங்கு உராய்வு போனால் பிடிப்பு அதைவிட அதிகமாகப் போகும். இடது ஷூவும் வலது ஷூவும் கொஞ்சம் வேறுபட்டாலே வண்டி இழுப்பது இதனால். சூடு ஏறும்போது டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது; பெடல் கீழே போவது அதனால்.

டிஸ்க் சூடானால் தடித்துப் பேடை நோக்கித்தான் வரும். தண்ணீர் பட்டால் சுழற்சியிலேயே வீசி எறிந்துவிடும். ஆனால் தானாகப் பெருக்கிக்கொள்ளும் குணம் அதற்குத் துளியும் இல்லை. ஆயில் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவே பிடி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற மாஸ்டர், பூஸ்டர், வால்வுக் கணக்கெல்லாம் தானாகப் புரியும்.

கணக்கு

தொட்டி காலியாக வண்டி 1,800 கிலோ, அதில் 57 விழுக்காடு முன்னச்சில், எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று வைப்போம். வீல்பேஸ் 2.92 மீட்டர். புவியீர்ப்பில் 0.7 பங்கு வேகத்தளர்வோடு நிறுத்தினால் 1,800 × 0.7 × 0.7 ÷ 2.92, அதாவது சுமார் 300 கிலோ பின்னிருந்து முன்னே போகிறது. முன்னச்சில் 1,026 கிலோவாக இருந்தது 1,328 ஆகிவிடும். காலிப் பிக்கப்பின் நிறுத்தத்தில் நான்கில் மூன்று பங்கு முன் சக்கரத்தின் வேலை. அந்த அளவுக்கு நிறுத்த முன்னச்சிலிருந்து 930 கிலோ இழுவை வேண்டும்.

1971 முதலான காலிப்பரில் ஒரே பிஸ்டன், விட்டம் 2 15/16 அங்குலம், பரப்பு 43.7 சதுர சென்டிமீட்டர். கால் 30 கிலோ மிதிக்கிறது, பெடல் அதை ஆறு மடங்காக்குகிறது என்றால் மாஸ்டருக்கு 180 கிலோ போய்ச்சேரும். மாஸ்டர் பிஸ்டன் 1 அங்குலம் என்றால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 35.5 கிலோ, ஏறக்குறைய 500 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பேட் உராய்வு 0.4, பேட் பிடிக்கும் ஆரம் 12.5 சென்டிமீட்டர், டயர் ஆரம் 36 சென்டிமீட்டர் என்று கொண்டால் இரு முன் சக்கரமும் சேர்ந்து 860 கிலோ இழுவை தரும். அதே காலில் மாஸ்டரை மட்டும் 1 1/8 அங்குலமாக மாற்றினால் பரப்பு 27 விழுக்காடு கூடி, அழுத்தம் 400 பி.எஸ்.ஐக்கு இறங்கி, இழுவை 680 ஆகிவிடும்.

பூஸ்டர் இல்லாமல் 1 1/8 மாஸ்டர் போட்டவர்கள் "பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கலை" என்று சொல்வது இதைத்தான். பெரிய மாஸ்டர் என்றால் பலமான பிரேக் என்ற நினைப்பு நேர் எதிர். பெரிய பிஸ்டன் அதிக ஆயிலைத் தள்ளும், குறைந்த அழுத்தத்தில்.

எனவே வழி இரண்டே. பூஸ்டர் வேண்டாமென்றால் 1 அங்குல மாஸ்டர், பெடல் விகிதம் ஆறுக்குக் குறையாமல். பூஸ்டர் உண்டென்றால் 1 1/8 மாஸ்டர், பெடல் விகிதம் நான்கு முதல் ஐந்துக்குள். பூஸ்டர் போட்டும் பழைய ஆறு மடங்குப் பெடலையே வைத்துக்கொண்டால் கால் வைத்ததும் சக்கரம் பூட்டும். இந்த வண்டிக்கு 11 அங்குல வேக்குவம் பூஸ்டரும் 1 1/8 மாஸ்டரும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் 18 அங்குலப் பாதரச வேக்குவம் கொடுக்கும். அதில் இந்த பூஸ்டர் 350 கிலோ அளவுக்குத் துணைபோகும். வால்வுகளை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம் போட்ட வி8 என்றால் முதலில் வேக்குவம் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 15-க்குக் கீழே காட்டினால் பூஸ்டர் வாங்கும் பணம் வீண்.

சாமான்

பழைய இரும்புக் கடையில் 1973 முதல் 1987 வரையிலான வண்டியின் முன் கிராஸ்மெம்பரை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை) அப்படியே கழற்றிக்கொண்டு வந்து மாட்டுவது ஒரு வழி. மலிவு. ஆனால் அதில் உள்ள புஷ், பால் ஜாயிண்ட் (சஸ்பென்ஷன் ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டு), பேரிங் எல்லாமே பல பத்தாண்டுத் தேய்மானத்தோடு வரும். கடைசியில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். இன்னொரு வழி, பழைய டிரம் ஸ்பிண்டிலின் (சக்கரம் சுழலும் தண்டு உள்ள துண்டின்) மேலேயே காலிப்பர் பிராக்கெட் போடும் கிட். இவற்றில் சில, சக்கரத்தை வெளியே தள்ளி டயரை ஃபெண்டரில் உரசவிடும். அளவு கேட்காமல் வாங்கக் கூடாது. இங்கே மூன்றாவது வழி: 1971–72 அளவில் புதிய ஸ்பிண்டில்.

வேண்டியவை இவை: இடது வலது ஸ்பிண்டில், தூசித் தகடு, ஹப்போடு ஒன்றாக வார்த்த ரோட்டர் 2, இடது வலது காலிப்பர், பேட் 4, ஸ்லைடு போல்ட் 4, உள் பேரிங் 2, வெளிப் பேரிங் 2, ஆயில் சீல் 2, ஹோஸ் 2, செப்பு வாஷர் 4, மேல் கீழ் பால் ஜாயிண்ட் 4, வெளி டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு) 2, காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டும் ஊசி) ஒரு பெட்டி. ரோட்டர் விட்டம் 11.86 அங்குலம், தடிமன் 1.25. பிற்கால வண்டிகளில் 1 அங்குல ரோட்டரும் வந்தது. காலிப்பரும் ரோட்டரும் ஒரே தடிமனுக்கு உரியவையா என்று கையில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இவற்றோடு பூஸ்டர், மாஸ்டர், காம்பினேஷன் வால்வு, 3/16 அங்குல பைப் 25 அடி, டாட் 3 (பிரேக் ஆயிலின் தர வகை) ஆயில் ஒன்றரை லிட்டர்.

சக்கரத்தை மறந்துவிடுவார்கள். 1970 வரை சி10-இல் ஆறு போல்ட், 5.5 அங்குல வட்டம். 1971-இல் ஐந்து போல்ட், 5 அங்குல வட்டம். ரோட்டரைக் கண்ணை மூடி வாங்கினால் முன்னே ஐந்து, பின்னே ஆறு என்று நின்றுவிடும். ஸ்டெப்னி இரண்டு சுமக்க வேண்டும். ஆறு போல்ட் ரோட்டர் தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். ஐந்து போல்ட் வீல்தான் வேண்டும் என்றால் பின் ஆக்சில் தண்டையும் டிரம்மையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீல் 15 அங்குலம். பழைய வீலைக் காலிப்பரின் மேல் வெறுமனே மாட்டி ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டே டயர் போட வேண்டும்.

கழற்றுவது

அந்தக் காலத்து ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

அடுத்த ஆபத்து சுருள் ஸ்பிரிங். முன் சஸ்பென்ஷனில் கீழ் ஆர்முக்கும் கிராஸ்மெம்பருக்கும் இடையில் அமுங்கிக் கிடக்கிற அந்த ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே ஸ்பிண்டிலும் பால் ஜாயிண்டும்தான். சட்டத்தை ஸ்டாண்டில் ஏற்றியபின், கீழ் ஆர்மின் அடியில் டிராலி ஜாக்கைக் கொடுத்து ஸ்பிரிங்கின் எடையை அதன் மேல் ஏற்ற வேண்டும். ஸ்பிண்டில் திரும்ப மாட்டி நட்டு இறுக்கும்வரை அந்த ஜாக் அசையக் கூடாது. ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு சங்கிலியால் கட்டிவைப்பதும் அதிகப்படி ஜாக்கிரதை அல்ல.

பால் ஜாயிண்ட் நட்டை முழுதாகக் கழற்றாமல் சில திரெட் விட்டுவைத்து, ஸ்பிண்டிலின் காதுப் பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி அடித்தால் கூம்பு விடும். கவட்டைக் கம்பியை இடையில் செருகி அடித்தால் ரப்பர் கிழியும். பால் ஜாயிண்டை மாற்றப்போகிறோம் என்றால் கவலையில்லை.

புதிய ஸ்பிண்டிலில் பால் ஜாயிண்டும் டை ராட் எண்டும் உட்காரும் கூம்பு பழையதோடு ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது. கூம்பின் மேல் மார்க்கர் மை தடவி, ஸ்பிண்டிலில் செருகி ஒரு திருகு திருகி எடுத்தால் மை சுற்றிலும் சமமாக அழிந்திருக்க வேண்டும். மேலே மட்டும் ஒரு வளையமாக அழிந்தால் கூம்பு பொருந்தவில்லை. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது ஆடிக்கொண்டே இருந்து ஒரு நாள் தண்டு ஒடியும். ஸ்டீயரிங்கைத் தாங்குகிற இடம் இது, இங்கே "பரவாயில்லை" என்பதற்கு இடமில்லை. காட்டர் பின் துளை நேராகவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல.

பேரிங், ரோட்டர்

புதிய ரோட்டரில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இரு முகத்தையும் துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். பேரிங் வெளிவளையம் ஹப்பில் ஏற்கெனவே அடித்திருக்கிறதா என்றும், அது புதிய பேரிங்கின் ஜோடிதானா என்றும் பார்க்க வேண்டும். வளையத்தை அடிக்கும்போது பித்தளைத் தண்டு. அடித்தட்டில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும்.

கிரீஸ் உருளைகளுக்கு இடையில் புகுந்து மறுபக்கம் பிதுங்கும்வரை திணிக்க வேண்டும். மேலே பூசியது போதாது. டிஸ்க் பிரேக்கின் சூடு ஹப்புக்கு நேராகப் போவதால் அதிக வெப்பம் தாங்கும் வீல் பேரிங் கிரீஸ் வேண்டும். நட்டை, ரோட்டரைச் சுற்றிக்கொண்டே 12 அடி-பவுண்டுக்கு இறுக்கி, முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்கி, அங்கிருந்து அருகிலிருக்கும் பள்ளத்துக்குத் தளர்த்திக் காட்டர் பின் செருக வேண்டும். உள்ளே வெளியே ஆட்டம் 0.001 முதல் 0.005 அங்குலம். இந்த நட்டை டிரக் நட்டு போல இறுக்கினால் பேரிங் நீலம் பூக்கும். தளர்வாக விட்டாலோ வேறொரு தொல்லை: ரோட்டர் ஆடி ஆடிப் பேடைப் பின்னால் தள்ளிவிடும், முதல் மிதியில் பெடல் வெற்றாய்ப் போகும். அதை "ஏர் இருக்கு" என்று நினைத்து, ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற நான்கு தடவை ஏர் எடுப்பார்கள்.

டயல் கேஜ் வைத்து ரோட்டரின் முக ஆட்டம் பார்க்க வேண்டும், 0.004 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தடிமன் வேறுபாடு அதைவிட முக்கியம்: 0.0005 அங்குலம். பெடலில் துடிப்பாக வருவது பெரும்பாலும் இதுதான். இந்த ரோட்டரின் குறைந்தபட்சத் தடிமன் 1.215 அங்குலம், ரோட்டரிலேயே வார்த்திருக்கும்.

காலிப்பர்

பிளீடர் திருகு (காற்றை வெளியே விடும் திருகு) மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறிப்போனாலும் காலிப்பர் மாட்டிக்கொள்ளும், சுற்றும், பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். ஆனால் பிளீடர் கீழே போய்விடுவதால் மேலே தங்கிய காற்று எந்தக் காலத்திலும் வெளியே வராது. பெடல் ஸ்பாஞ்சாக இருக்கிறது என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்பேனரே வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும்.

உள் பேடும் வெளிப் பேடும் வேறு. உள் பேடின் பின் தகட்டில் உள்ள ஸ்பிரிங் பிஸ்டனுக்குள் உட்கார வேண்டும். வெளிப் பேடின் காதுகளைக் காலிப்பரின் மேல் அழுத்தி மடித்து, கையால் ஆட்டினால் ஆடாதபடி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சாலையில் கடகடவென்ற சத்தம் வரும். பால் ஜாயிண்ட் போய்விட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஸ்லைடு போல்டின் ரப்பர் புஷ்ஷில் சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் காலிப்பரை நகரவிடாது. போல்ட் 35 அடி-பவுண்டு. காலிப்பருக்கும் ஸ்பிண்டிலில் அது உட்காரும் தட்டுக்கும் இடையில் மேலும் கீழும் 0.005 முதல் 0.012 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் போகவில்லை என்றால் அரத்தால் ஓர் இழைப்பு.

ஹோஸுக்குச் செப்பு வாஷர் போல்ட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று, புதிது. மாட்டியபின் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, சஸ்பென்ஷனை முழுதாகத் தொங்கவிட்டு, ஹோஸ் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசாமலும் முறுக்காமலும் இருக்கிறதா என்று நான்கு நிலையிலும் பார்க்க வேண்டும்.

மாஸ்டரும் வால்வுகளும்

இங்கேதான் பெரும்பாலான மாற்றங்கள் கெடுகின்றன. பழைய டிரம் மாஸ்டரையே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். இரண்டு காரணத்தால் கூடாது.

முதலாவது, டிரம் மாஸ்டரின் வெளிப்போக்கில் பைப் உட்காரும் பித்தளைக் கூம்புக்குப் பின்னே ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். கால் எடுத்தபின்னும் பைப்பில் 10 பி.எஸ்.ஐ அளவு அழுத்தம் தங்கும்படி அது பிடித்துவைக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் உதடு விரிந்தே இருக்கவும் காற்று உள்ளே இழுக்கப்படாமல் இருக்கவும் அது டிரம்முக்கு வேண்டும். டிஸ்கில் பேடைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டன் சீல் சற்றே முறுக்கிக்கொண்டு திரும்புவதுதான் இருக்கிற திரும்பல். அந்த 10 பி.எஸ்.ஐ தங்கினால் பேட் ரோட்டரைவிட்டு விலகவே விலகாது. பத்து கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் முன் சக்கரம் தொடமுடியாத சூடாகும்.

இரண்டாவது, பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும், 43.7 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு பக்கத்துக்கு 22 மில்லிலிட்டர் ஆயில். டிரம் மாஸ்டரின் சின்ன அறை அதற்குப் போதாது. டிஸ்க் மாஸ்டரில் ஓர் அறை பெரிது. அது முன் காலிப்பர்களுக்கு. இரு பைப்பும் மாறிப்போனால் தொடக்கத்தில் வித்தியாசமே தெரியாது. மாதங்கள் கழித்துச் சின்ன அறை வற்றிக் காற்று இழுக்கும்போதுதான் தெரியும்.

பூஸ்டர் தண்டுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் இடையில் சுமார் 0.020 அங்குல இடைவெளி விட வேண்டும். தண்டு நீளமாகிவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னே வராது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். சூட்டில் ஆயில் விரியும், போக வழியில்லை, பிரேக் தானாக ஏறும். மாஸ்டரின் குழியில் களிமண் உருண்டை வைத்து மெல்ல மாட்டிக் கழற்றி அதன் தடிமனை அளப்பது எளிய முறை. தண்டு சற்றுக் குட்டையானால் பிரேக் தானாக ஏறாது, பெடல் நீளமாகப் போகும்.

காம்பினேஷன் வால்வில் மூன்று வேலை. பின் டிரம் ஷூக்கள் தங்கள் ஸ்பிரிங்கைத் தாண்டி டிரம்மைத் தொடும்வரை முன் டிஸ்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் பகுதி ஒன்று. கடுமையாக மிதிக்கும்போது பின் அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும் பகுதி ஒன்று. ஒரு சுற்றில் அழுத்தம் போனால் எச்சரிக்கை விளக்கைப் போடும் சுவிட்ச் ஒன்று. டிரம் வண்டியில் விளக்குச் சுவிட்ச் மட்டுமே இருக்கும். அதையே வைத்துக்கொண்டால் ஈரச் சாலையில் லேசாக மிதித்தாலும் முன் மட்டும் பிடிக்கும், அவசரத்தில் பின் சக்கரம் பூட்டி வால் சுழலும். காலித் தொட்டிப் பிக்கப்புக்கு இரண்டாவதுதான் பெரிய பயம்.

பைப்புக்கு 3/16 அங்குல எஃகு அல்லது செப்பு-நிக்கல் கலவை. வெறும் செப்பு கூடாது. முனை இரட்டை மடிப்பு ஃபிளேர் (புனல் போல் விரித்த வாய்), 45 பாகை. ஒற்றை ஃபிளேர் இந்த அழுத்தத்தில் வெடிக்கும். நட்டைப் பைப்பில் கோத்துக்கொண்டபின்தான் ஃபிளேர் அடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்; இருந்தாலும் ஆளுக்கு ஒரு பைப்பாவது வீணாகும். மாஸ்டரின் துளைத் திரெட் பழையதோடு ஒத்துப்போகாது. நட்டு கையால் மூன்று சுற்று ஏறவில்லை என்றால் அது வேறு திரெட். ஸ்பேனரால் ஏற்றக் கூடாது.

ஏர் எடுப்பது

மாஸ்டரை வண்டியில் ஏற்றுமுன் வைஸில் பிடித்து, இரு துளையிலிருந்தும் குழாய் வைத்துத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெல்லத் தள்ள வேண்டும். வண்டியில் ஏற்றியபின் மாஸ்டரின் காற்றை எடுப்பது பெரும்பாடு.

அதன்பின் வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். ஒருவர் மிதித்துப் பிடித்திருக்க இன்னொருவர் பிளீடரைத் திறந்து மூடும் பழைய முறையே போதும். அழுத்த இயந்திரம் வைத்து எடுத்தால் காம்பினேஷன் வால்வின் தாமதப் பகுதி முன் பக்கத்தை மூடிக்கொள்ளும். வால்வின் முனையில் உள்ள ஊசியைப் பிடித்துவைக்க வேண்டும். எச்சரிக்கைச் சுவிட்சின் உள்ளே உள்ள சிறு பிஸ்டன் ஒரு பக்கம் போய் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்து ஆயில் குறைந்தே வரும். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அதை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் முளையைத் திருகிவிட்டு ஏர் எடுப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. புதிய டாட் 3 கொதிப்பது 205 டிகிரி செல்சியஸில், ஈரம் ஏறியபின் 140-இல். டாட் 4-க்கு அதுவே 230-உம் 155-உம். பாட்டிலைத் திறந்து மாதக்கணக்கில் வைத்த ஆயில் ஈரம் ஏறியதுதான். சிலிகான் டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

ஏர் எடுக்குமுன் பின் ஷூவை டிரம்மில் லேசாக உரசும்வரை அட்ஜஸ்ட் செய்துவிட வேண்டும். பெடல் பாதிக்குமேல் கீழே போகிறது என்று வரும் வண்டிகளில் ஏர் இருப்பதைவிடப் பின் ஷூ தளர்ந்திருப்பதே அதிகம். இந்த ஷூக்கள் ரிவர்ஸில் பிரேக் போடும்போதுதான் தானாக இறுக்கிக்கொள்ளும். ரிவர்ஸே போகாத ஓட்டுநருக்கு இறுகாது.

ஓட்டிப் பார்ப்பது

எஞ்சின் அணைந்திருக்கையில் பெடலை ஐந்தாறு தடவை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்து, மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை ஓட விட்டால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ செக் வால்வோ வேக்குவ ஹோஸோ கசிகிறது.

ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்குக் குறைத்து, அரை நிமிடம் ஆறவிட்டு, மறுபடி. எட்டு பத்துத் தடவை. நடுவில் முழுதாக நிறுத்திப் பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சூடான பேட் ஓரிடத்தில் ஒட்டி அதன் அச்சு ரோட்டரில் விழும். பிறகு வருகிற துடிப்பை "ரோட்டர் வளைஞ்சிருச்சு" என்பார்கள்.

வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்காமல் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) நட்சத்திர வரிசையில் இறுக்குவதும் இந்தத் துடிப்பைத் தவிர்க்கத்தான்.

பிரேக் ஏறிக்கொண்டு விடாத வண்டிக்கு ஒரு தேர்வு உண்டு. சக்கரம் இறுகியிருக்கும்போதே மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் நட்டுகளைத் தளர்த்தி மாஸ்டரைச் சற்றே முன்னே இழுக்க வேண்டும். சக்கரம் விட்டால் தண்டு நீளம். விடவில்லை என்றால் மாஸ்டரில் பைப் நட்டைத் தளர்த்த வேண்டும். விட்டால் மாஸ்டரின் உள்ளேயே அழுத்தம் தங்குகிறது, ரப்பர் வால்வு அல்லது அடைத்த துளை. அப்போதும் விடாமல், காலிப்பரின் பிளீடரைத் திறந்ததும் விட்டால் நடுவில் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. பிளீடர் திறந்தும் விடவில்லை என்றால் ஆயிலில் குற்றமில்லை. பிஸ்டனோ ஸ்லைடு போல்ட்டோ சிக்கியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. கண்ணை மூடிக் காலிப்பர் மாற்றுவதை இது தடுக்கும்.

ஒரு பக்கம் இழுத்தால் முதலில் பேடில் கிரீஸ் கறை, பிறகு ஸ்லைடு போல்ட், பிறகு ஹோஸ். வண்டி பிரேக் போடாமலே ஒரு பக்கம் போனால் அது பிரேக் இல்லை, அலைன்மென்ட். ஸ்பிண்டிலும் டை ராட் எண்டும் மாறியதால் டோ அளவு (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கட்டாயம் மாறியிருக்கும். அலைன்மென்ட் கடைக்கு முதல் நாளே போய்விட வேண்டும், இல்லையென்றால் முன் டயரின் விளிம்பு சில நூறு கிலோமீட்டரில் ரம்பமாகிவிடும்.

பின் சக்கரம் பூட்டினால் காம்பினேஷன் வால்வைக் குறை சொல்வதற்கு முன் பின் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும். ஆக்சில் சீலிலிருந்து கியர் ஆயில் கசிந்து ஷூவில் ஏறியிருந்தால் அதுவும் வெடுக்கென்று பிடித்துப் பூட்டும். எண்ணெய் ஏறிய ஷூவைக் கழுவிப் பயனில்லை. சீலையும் ஷூவையும் மாற்ற வேண்டும்.

300 கிலோமீட்டர் ஓடியபின் முன் சக்கரத்தைத் தூக்கி, பேரிங் ஆட்டம், காட்டர் பின்கள், ஹோஸ் போல்ட்டின் கீழ் ஈரம், தொட்டியின் ஆயில் மட்டம் இவற்றைப் பார்க்க வேண்டும். காலிப்பர் இருபுறமும் ஒரே சூட்டில் இருக்கிறதா என்று அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தால், இழுப்பாகத் தெரியவருவதற்கு முன்பே சிக்குகிற பக்கம் தெரிந்துவிடும்.